யாரும் கேட்காவிட்டால் அறுபத்துநான்கு

நவம்பர் 11, திங்கள்

நேற்று விடியற்காலை எங்கள் அலைச்செய்தி மெஷின் நின்று விழுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையாகப் போனதால் தப்பித்தோம். ஞாயிறு எங்கள் கரையில் யாரும் கடலுக்குப் போவதில்லை, மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போவார்கள். வேறு கிழமையாக இருந்திருந்தால் தில்லைநாயகம் சார் என்னை உரித்துத் தொங்கவிட்டிருப்பார். இன்று அலுவலகத்தில் நுழைந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"என்னம்மா ரெமிலா, நம்ம மெஷினுக்கும் ஞாயித்துக்கிழமை லீவா?"

நல்ல மனிதர். கோபத்தை நக்கலாகத்தான் காட்டுவார். அது திட்டு வாங்குவதைவிட அதிக நேரம் வலிக்கும்.

நடந்ததை எழுதி வைக்கிறேன். எங்கள் வேலையில் பெரிய மாயம் எதுவும் இல்லை. கடல் எச்சரிக்கை எழுத்தாக வரும். அதைக் குரலாக மாற்றி, தூத்துக்குடிக்குத் தெற்கே இருக்கும் மீனவ ஊர்களுக்கு விடியுமுன் போன் போட்டுச் சொல்கிறோம். எச்சரிக்கையை வாங்கி வருவது ஒரு வேலை, குரலாக்குவது ஒரு வேலை, போன் போடுவது ஒரு வேலை. ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் ஒவ்வொன்றையும் மெஷினுக்குள்ளேயே தனி அறைபோல ஒரு கண்டெய்னரில் அடைத்து, எல்லாவற்றையும் ஒரே வாடகை மெஷினில் ஓட்டுகிறோம். கண்டெய்னர் என்றால் துறைமுகத்தில் அடுக்கியிருக்கும் இரும்புப் பெட்டி என்றுதான் என் மாமியார் இன்றுவரை நம்புகிறார். 'எம் மருமவ கண்டெய்னர் ஆபீசுல இருக்கா' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். திருத்தப் போய் நான்தான் களைத்துப்போனேன்.

இதில் குரலாக்கும் கண்டெய்னர் தன் ஒலிக்கோப்புகளை டிஸ்க்கில் எழுதாது. மெமரியிலேயே ஒரு ஃபோல்டர் வைத்து அதில் எழுதும். வேகமாக இருக்கும் என்று, என்னோடு வேலை பார்க்கும் முஹ்சின் அப்படிச் செய்தான். போன் போடும் கண்டெய்னரிலும் அதேபோல் ஒன்று. இந்த மாதிரி ஃபோல்டருக்கு எவ்வளவு இடம் என்று நாம் சொல்லாவிட்டால், மெஷினின் மெமரியில் பாதி வரைக்கும் தனக்கென்று எடுத்துக்கொள்ளும். நாங்கள் சொல்லவில்லை. பழைய கோப்புகளை யாரும் அழிக்கவும் இல்லை. இரண்டும் ஊதிக்கொண்டே போயின. பாதியும் பாதியும் முழுசு. மெமரி தீர்ந்ததும் மெஷின் யாரையாவது கொன்றாக வேண்டும். அது கொன்றது எச்சரிக்கையை வாங்கி வரும் கண்டெய்னரை. பாவம், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சிவனே என்று இருந்தது.

எல்லை இல்லாமல் எதையும் விடக்கூடாது. நான் எப்போதும் சொல்வதுதான். வீட்டிலும் சொன்னேன், அங்கேயும் கேட்பாரில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

வைத்துவிட்டேன். மெமரி ஃபோல்டர் எதுவாக இருந்தாலும், யாரும் தனியாகக் கேட்காவிட்டால், அறுபத்துநான்கு மெகாபைட். அதற்கு மேல் ஒரு துளி கிடையாது. பழைய கோப்புகளைத் தினமும் காலி செய்யவும் ஏற்பாடு செய்தாயிற்று.

"ஏன்க்கா அறுவத்துநாலு?" என்றான் முஹ்சின். காயல்பட்டினத்துப் பையன், எதையும் ஏன் என்று கேட்டுவிட்டுத்தான் செய்வான்.

"எல்லாரும் அதத்தான் வைக்காங்க."

"நமக்குப் பத்துமா?"

அலங்காரபுரத்துக்கு ஒரு செய்தி அனுப்பிச் சோதித்தேன். பட்டியலில் அதுதான் முதல் ஊர், எங்கள் சோதனை போன்கள் எல்லாம் அந்த ஊர்க் கணக்கில்தான் இருக்கின்றன. என் போன் அடித்தது, என் குரலே என்னிடம் பேசியது. 'இன்று அலங்காரபுரம் கடலில் அலை மிதமாக இருக்கும்.' அறுபத்துநான்கில் ஓர் ஓரம்கூட நிறையவில்லை.

குரல் என்னுடையதுதான். ஆரம்பத்தில் கம்பளிப் போர்வைக்குள் உட்கார்ந்து, வேர்த்து ஒழுக, ஊர்ப்பெயர்களையும் காற்று அலை எல்லாவற்றையும் பேசிப் பதிந்து கொடுத்தேன். மெஷின் அதிலிருந்து கற்றுக்கொண்டு இப்போது எதையும் என்னைப்போலவே பேசுகிறது. என்னைவிடப் பொறுமையாகப் பேசுகிறது என்று என் வீட்டுக்காரர் கிளாட்வின் ஒருமுறை சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

மெஷின் அமைதி. போர்வை துவைத்தேன், சரியாகக் காயவில்லை.

விடியும்போது கிளாட்வினிடமிருந்து போன். எடுத்தால் பேச மாட்டார். அவர் ஊரான வேம்படித்துறையின் வழக்கம் அது. வள்ளத்தில் இன்ஜின் இரைச்சலில் ஒரு பேச்சும் புரியாது. அதனால் எல்லாம் நலம் என்றால் அங்கே யாரும் பேசுவதில்லை. போன் போடுவார்கள், அந்தப் பக்கம் எடுத்ததும் வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஏதாவது கெட்டது இருந்தால்தான் நின்று கத்திப் பேசுவார்கள். கல்யாணமான புதிதில் இது புரியாமல் 'ஹலோ ஹலோ' என்று கத்தியிருக்கிறேன்.

எடுத்தேன். வைத்துவிட்டார். நல்லது.

நவம்பர் 17, ஞாயிறு

வந்தார். பஸ்ஸில் ஊளி மீன் கொண்டுவந்திருந்தார், நடுத்துண்டமாகப் பார்த்து வெட்டி, ஐஸ் வைத்து. வாசலிலேயே நின்றார். நான் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை, அவரும் வரவில்லை.

"கோவம் இன்னும் தீரலியாட்டி?"

"கோவம்லாம் ஒண்ணும் இல்ல. சொன்னது சொன்னதுதான். கிறிஸ்துமஸ் வரைக்கும். அதுக்குள்ள கடல விட்டுட்டு வந்தா சேந்து இருக்கலாம். இல்லன்னா நீங்க அங்க, நான் இங்க."

"நீ எல்லாத்துக்கும் ஒரு அளவு வச்சிருவ" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு எரிச்சல் வரும்.

நான் கேட்டதில் என்ன தப்பு? துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர் வேலை, நான் அலைந்து வாங்கிக் கொடுத்தது. ஒரு மழைக்காலம்கூடத் தாங்காமல் விட்டுவிட்டு வள்ளத்துக்குத் திரும்பிப் போனார். மூச்சு முட்டுதாம். தினமும் விடியற்காலையில் அந்தப் பேசாத போனுக்காகக் காத்து உட்கார என்னால் முடியாது. அதனால்தான் இந்த அறை எடுத்துத் தனியாக வந்தேன். இங்கே வந்தும் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

காப்பி இருக்கா என்று கேட்டார். பால் இல்லை என்றேன். சரி என்று போய்விட்டார்.

நவம்பர் 18, திங்கள்

பால் திரிந்துவிட்டது. கொட்டிவிட்டேன்.

நவம்பர் 20, புதன்

தெற்கே ஒரு காற்றழுத்தத் தாழ்வு. வடக்கே நகர்ந்துவிடும், நம் பக்கம் பயமில்லை என்று செய்தி. இருந்தாலும் வழக்கத்தைவிட நீளமான எச்சரிக்கை, ஊருக்கு ஊர் வேறு வேறு. எல்லா ஊருக்கும் போன் போய்விட்டது, திரை முழுவதும் பச்சை. என் போனிலும் முழுசாகப் பேசியது.

மாலையில் முஹ்சின் வந்து நின்றான். கடைசியில் இருக்கும் சில ஊர்களில் அழைப்பு சட்டென்று முடிந்துவிடுகிறதாம்.

"எடுத்தவொடன கட் ஆவுதுக்கா. ஒரு நிமிசம்கூட ஓடல."

"டவர் பிரச்சன. மழை நேரத்துல அங்க சிக்னல் எப்பவும் இப்படித்தான்."

"இல்லக்கா, வரிசையா கடைசி ஊருங்க மட்டும்…"

"எல்லாம் ஒரே டவர் கீழ இருக்குற ஊருதான், முஹ்சின்."

அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். போன் கம்பெனிக்கு ஒரு புகார் எழுதிப் போட்டேன். கடல் இன்று உண்மையிலேயே அமைதியாகத்தான் இருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஊளி மீன் இன்னும் ஃப்ரீசரில் இருக்கிறது. எனக்கு ஒருத்திக்கு எதற்கு அவ்வளவு.

நவம்பர் 22, வெள்ளி

நடந்ததை வரிசைப்படி எழுதுகிறேன்.

வடக்கே போகும் என்றது திரும்பிவிட்டது. திருத்திய எச்சரிக்கை விடியுமுன் வந்தது. யாரும் கடலுக்குப் போகக்கூடாது, போனவர்கள் உடனே திரும்ப வேண்டும். முன்தினம் வரைக்கும் பயமில்லை என்று இருந்ததால் கோயில் மைக்கிலும் யாரும் எதுவும் அறிவிக்கவில்லை. அந்த நேரத்தில் கரைக்குப் போய்ச் சேரக்கூடியது எங்கள் போன் மட்டும்தான். போயிற்று. எல்லா ஊரும் பச்சை. நான் குளித்து, சாப்பிட்டு, அலுவலகம் வந்து சேர்ந்தேன். பத்து மணி இருக்கும், மாமி போன் போட்டார்.

"ரெமி, காத்து ஒரு மாதிரி சுத்தி அடிக்கு. உங்க ஆபீசுல ஒண்ணும் சொல்லலியே? ஒண்ணும் இல்லதான?"

"சொன்னோமே மாமி. விடியக்காலமே சொன்னோமே. யாரையும் போவக்கூடாதுன்னு."

"சொல்லலம்மா. போன் வந்துச்சு. எப்பவும் போல அவன்தான் எடுத்து ஸ்பீக்கர்ல போட்டான். பயலுவல்லாம் சுத்தி நின்னானுவ. ஒண்ணும் பேசல, வச்சிட்டு. அவன் சிரிச்சான். 'ரெமி இன்னைக்குப் பேசாம வச்சுட்டா. அப்ப ஒண்ணும் இல்ல, தள்ளுங்கடே'ன்னு சொன்னான். எல்லா வள்ளமும் போயிருக்கு."

போனை வைத்துவிட்டு முஹ்சினிடம் ஓடினேன்.

முஹ்சின்தான் திறந்து காட்டினான். குரல் ஃபோல்டரில் முதல் ஊர் அலங்காரபுரத்திலிருந்து பாதிப் பட்டியல் வரைக்கும் கோப்புகள் கனமாக இருந்தன. அதற்குக் கீழே பெயர் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. வேம்படித்துறை, கடைசி வரி. காலி.

நீளமான செய்திகள் அறுபத்துநான்கை நிறைத்துவிட்டன. இடம் இல்லை என்று மெமரி சொல்லியிருக்கிறது. எங்கள் நிரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் காலிக் கோப்பை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போயிருக்கிறது. போன் கண்டெய்னர் அந்தக் காலியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஊராக அழைத்து, எடுத்ததும் ஒன்றும் இல்லாததைப் பேசி முடித்து, வைத்துவிட்டது. போன் எடுக்கப்பட்டது, அதனால் திரையில் பச்சை.

பேசாத போன் என்றால் வேம்படித்துறையில் என்ன அர்த்தம் என்று இந்த அலுவலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் அந்த அளவை வைத்தேன். புதன்கிழமையே முஹ்சின் வந்து சொன்னான், டவர் என்றேன்.

நவம்பர் 22, மதியம்

வெறும் கையால் போன் போட்டோம். நான் பத்து ஊர், முஹ்சின் பத்து ஊர். மெஷின் பேசவேண்டியதை நான் என் வாயால் பேசினேன். கரையில் எடுத்தவர்கள் என் குரலைக் கேட்டதும் மெஷின் என்று நினைத்துப் பதில் பேசாமல் கேட்டார்கள். ஒரு பெரியவர் மட்டும் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா, இப்பவா சொல்லுதிய? பயலுவ போயி எவ்வளவு நேரமாச்சு."

தொண்டை கட்டிவிட்டது. கிளாட்வின் எண்ணுக்கு எத்தனை தடவை போட்டேன் என்று தெரியாது. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அவள் குரலை எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் 22, மாலை

"அந்த லிமிட்டத் தூக்கி எறிங்கம்மா மொதல்ல" என்றார் சார். இன்றைக்கு நக்கல் இல்லை. முகம் வெளுத்திருந்தது.

"தூக்குனா மறுபடியும் மெஷினே விழுந்துரும் சார். இன்னைக்கு ராத்திரி இதைவிட நீளமா செய்தி வரும். விழுந்தா ஒரு ஊருக்கும் போவாது."

"அப்ப என்னதான் செய்யணுங்கிறீங்க?"

என்னதான் செய்யவேண்டும். என் புருஷன் கடலில் இருக்கிறார், நான் இங்கே உட்கார்ந்து ஒரு ஃபோல்டருக்கு எவ்வளவு இடம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன். எழுந்து ஓடிவிடலாம் என்று இரண்டு தடவை பையை எடுத்தேன். வடக்கே இருக்கும் ஊர்களின் வள்ளங்கள் நாளை காலை கிளம்பும். அவர்களுக்கும் இதே மெஷின்தான் போன் போடும்.

உட்கார்ந்தேன். எல்லா ஊருக்கும், இருப்பதிலேயே நீளமான எச்சரிக்கை என்றால் எவ்வளவு என்று அளந்தேன். இதை நான் பன்னிரண்டாம் தேதியே அளந்திருக்க வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் கூடுதல் வைத்தேன். கண்டெய்னருக்கு மொத்தமாக இவ்வளவு மெமரி என்று ஒரு வேலி போட்டு, ஃபோல்டர் நிறைந்தாலும் அந்த வேலிக்குள்ளேயே இருக்கும்படி செய்தேன். முஹ்சின் தன் பங்குக்கு, இடம் இல்லை என்று வந்தால் அங்கேயே நின்று எங்கள் எல்லோர் போனையும் அலறவைக்கும்படி எழுதினான். காலிக் கோப்பு இருந்தால் அழைப்பே போகாது. இடம் போதவில்லையா, வாயை மூடிக்கொள்ளாதே, கத்து. மெஷினுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க எனக்கு இவ்வளவு நாள் ஆயிற்று.

சோதித்தபோது முஹ்சின் வேம்படித்துறையைத்தான் முதலில் போட்டான். என்னைப் பார்க்கவில்லை.

நவம்பர் 23, சனி

வேம்படித்துறை. பஸ் ஓடவில்லை, ஐஸ் வண்டியில் வந்தேன்.

வள்ளங்கள் ஒவ்வொன்றாகக் கரைசேர்ந்திருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை.

மாமி மணலில் நிற்கிறார். குடை பிடித்தால் காற்று பிடுங்குகிறது என்று குடையில்லாமல் நிற்கிறார். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துருவான். நீ அழாத. நீ பேசாம வச்சா நல்ல சேதின்னு அவனுக்குத் தெரியும்லா, அதான் தைரியமாப் போயிருக்கான்."

மாமிக்கு ஆறுதல் சொல்லத் தெரியும். எனக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

தொம்மை அண்ணனை ஒரு விசைப்படகு தூக்கிக்கொண்டு வந்திருக்கிறது. கிளாட்வினோடு வள்ளத்தில் போனவர் அவர் ஒருவர்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உதடெல்லாம் உப்பில் வெடித்திருந்தது.

"காத்து திரும்புனதும் அவனுக்குத் தெரிஞ்சு போச்சும்மா. வலைய அறுத்து விட்டுட்டு வள்ளத்தத் திருப்புனோம். ஒரு அலை பொரட்டிப் போட்டுட்டு. டீசல் கேன் ஒண்ணுதான் மெதந்துச்சு. 'அண்ணே உமக்கு மூணு பிள்ளைய'ன்னு எங்கையில தள்ளுனான். அவனுக்குப் பலகை கெடச்சுது. நான் பாத்தேன், பலகை கெடச்சுது. நல்லா நீச்சக்காரன் அவன். பெறவு மழையில தெரியல."

பிறகு கேட்டார். "ஏம்மா, நீங்க போன்ல ஒண்ணும் சொல்லலியே? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

குற்றம் சாட்டும் குரலில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் சொன்னேன். அளவு வைத்தது, நிறைந்தது, காலியாகப் போனது, எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ. கண்ணை மூடிக்கொண்டார்.

நவம்பர் 26, செவ்வாய்

ஹெலிகாப்டர் சுற்றிப் பார்த்தது. தீவுப் பக்கமெல்லாம் படகுகள் போய்த் தேடின. பலகை கிடைக்கவில்லை, எதுவும் கிடைக்கவில்லை.

மழை விட்டுவிட்டது. கடல் ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கிறது. அதைப் பார்த்தால் அறையவேண்டும் போலிருக்கிறது.

நவம்பர் 28, வியாழன்

மாமியிடமும் சொல்லிவிட்டேன். அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்தப் போன் நான் பேசாமல் வைத்ததில்லை, என் குரல் போக இடமில்லாமல் போய்விட்டது, இடத்தைக் குறைத்தது நான் என்றேன். என்னை அடிப்பார், வெளியே போ என்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நெடுநேரம் கஞ்சியைக் கிண்டினார்.

"அவன் அந்தப் போன எதுக்கு எடுப்பான்னு தெரியுமா உனக்கு? காத்தும் அலையும் அவனுக்கு ஒரு போனு சொல்லணுமா? ஸ்பீக்கர்ல போட்டு, 'கேளுங்கடே, எம் பொண்டாட்டி பேசுதா'ம்பான். நீ வீட்டவிட்டுப் போன பெறவு உங்கொரலக் கேக்க அவனுக்கு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

கஞ்சியை இரண்டு தட்டில் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் தள்ளினார். இருவரும் சாப்பிடவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள். கோயிலில் அவருக்குப் பூசை வைக்கலாமா என்று பங்குச் சாமியார் வந்து கேட்டார். உடம்பு வராமல் வைக்க மாட்டேன் என்று மாமி சொல்லிவிட்டார். சொன்ன விதத்தில் சாமியார் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சார் மீனவர் கூட்டமைப்புக்கு அறிக்கை எழுதச் சொன்னார். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் என்றார். நான் நான்கு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு மேசைமேல் வைத்தார். கண்ணாடியைத் துடைத்தார். அப்படியே அனுப்பிவிட்டார். வேலையை விடட்டுமா என்று கேட்டேன்.

"விட்டுட்டு? அடுத்து வாரவன் மறுபடியும் அறுவத்துநாலு வைப்பான்" என்றார்.

டிசம்பர் 5, வியாழன்

அலுவலகம் போனேன். முஹ்சின் டீ வாங்கி வைத்தான். விடியுமுன் ஊர்களுக்குப் போன செய்தியைப் போட்டு என் குரலைக் கேட்டேன். அமைதியாக, பொறுமையாக, அலை மிதமாக இருக்கும் என்கிறது. அதற்கென்ன.

டிசம்பர் 9, திங்கள்

இன்று பஸ்ஸில் ஒருவர் பின்னந்தலை அவருடையதுபோல் இருந்தது. ஸ்டாப்பைத் தாண்டிப் போய் இறங்கினேன்.

டிசம்பர் 18, புதன்

கூட்டமைப்பிலிருந்து ஒரு வேண்டுகோள். பட்டியலில் எடுக்காத எண்கள் நிறைய இருக்கின்றனவாம். மாற்றிவிட்டவை, தொலைந்தவை. அவற்றுக்கும் தினமும் போன் போட்டுக்கொண்டிருந்தால் எடுக்கிறவர்களுக்குப் போய்ச்சேரத் தாமதமாகிறது. தொடர்ந்து எடுக்காத எண்ணைத் தானாகவே நீக்கிவிடுவதுபோல் ஓர் அளவு வைக்கச் சொன்னார்கள். சார் என்னிடம் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

"முஹ்சினச் செய்யச் சொல்லட்டுமா?"

"நானே செய்யுதேன் சார்."

இந்தத் தடவை எல்லோரும் வைப்பதை வைக்கவில்லை. ஊர் ஊராகப் போன் போட்டுக் கேட்டேன். சிலர் கேரளப் பக்கம் தங்கல் மீன்பிடிப்புக்குப் போனால் ஒரு மாதம் கழித்துத்தான் வருவார்களாம். சிலர் பிரசவத்துக்குப் போன மனைவியிடம் போனைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் யோசித்து, யாரும் தனியாகக் கேட்காவிட்டால் நாற்பத்தைந்து காலை என்று வைத்தேன். நீக்குவதற்கு முன் அந்த ஊரில் ஓர் ஆளிடம் கேட்கவேண்டும் என்றும் வைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் எதையும் வெட்டக்கூடாது.

டிசம்பர் 19, வியாழன்

முஹ்சின் சரிபார்த்தான். பட்டியலில் கீழே வரைக்கும் போய் நின்றான்.

"அக்கா, கடைசி ஊருல ஒரு நம்பருக்கு மட்டும் லிமிட் விட்டுப்போச்சு. போட்டுரட்டா?"

"விட்டுப்போவல."

எண்ணைப் பார்த்தான். பெயரைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் ஏன் என்று கேட்கிற பையன், எதுவும் கேட்காமல் சரி என்று குறித்துவிட்டு எழுந்து போனான்.

டிசம்பர் 25, புதன்

இன்று யாரும் கடலுக்குப் போகவில்லை. ஆனாலும் அழைப்பு போயிற்று. திருநாள் வாழ்த்து என்று சார் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருந்தார். உங்கள் எண்ணுக்கும் போயிற்று. சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. நாளைக்கும் போகும், மறுநாளும் போகும். நான் பேசாமல் வைக்க மாட்டேன்.

கிறிஸ்துமஸ் வரைக்கும்தான் என்று உங்களுக்கு நான் ஓர் அளவு வைத்திருந்தேன் இல்லையா, அதை எடுத்துவிட்டேன். கடலை விட்டுத்தான் வரவேண்டும் என்றில்லை. எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், கடலோடேகூட வாருங்கள். அறையைக் காலி செய்துவிட்டு மாமியோடு வந்துவிட்டேன், தேடிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகவேண்டாம்.

பால் வாங்கி வைத்திருக்கிறேன்.